பழைய கார் டேஷ்போர்டு: கை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தாவின் பெட்ரோல் அம்பாசடர் பல வருடம் ஷெட்டில் நின்றுவிட்டு இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறதாம். எல்லாம் சரி, பெட்ரோல் மீட்டர் முள் மட்டும் அசையவே இல்லை. வேலூரில் ஒரு பட்டறையில் காட்டியதற்கு, "டேஷ்போர்ட மொத்தமா எறக்கினாத்தான் ஆவும்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்களாம். பழைய வண்டி டேஷ்போர்டு என்றால் வேலைக்குச் சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா, இனிமேல் பழைய பிரீமியர் பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ ஒன்று வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் ஒன்று: டேஷ்போர்டை இறக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

பழைய டேஷ்போர்டு எல்லாமே சுலபம் என்பது சரியில்லை. புதியது எல்லாமே கஷ்டம் என்பதும் சரியில்லை. நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் இரண்டு விஷயத்தைத்தான் பார்ப்பேன். ஒரு மீட்டர் கெட்டுப்போனால் அந்த ஒரு மீட்டர் மட்டும் தனியாகக் கழன்று வருமா? அதன் முதுகுப் பக்கத்துக்குக் கை போக வழி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் மீதி எல்லாம் பொறுமை சம்பந்தப்பட்ட வேலை.

ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வந்த அமைப்பு. தட்டையான இரும்புத் தகடு, அதில் வட்ட வட்டமாக ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மீட்டர்: ஸ்பீடாமீட்டர், ஆம்பியர், பெட்ரோல், ஆயில் பிரஷர், டெம்பரேச்சர். சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து கையை அடியில் விட்டால் மீட்டரின் பின்பக்கம் விரலுக்குப் படும். அந்தக் காலத்து வட்ட மீட்டர்களில் பெரும்பாலும் பின்னால் ஒரு வளைந்த தகடு இருக்கும், அதைப் பிடித்திருப்பது விரலாலேயே திருகக்கூடிய சொரசொரப்பான நட்டு. ஸ்பேனர்கூட வேண்டாம். நட்டைக் கழற்றி, பல்பு ஹோல்டரை இழுத்து, வயரை எடுத்துவிட்டால் மீட்டர் முன்பக்கமாக உங்கள் மடியில் வந்து விழும். நம் ஊர் வெயிலில் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து பெயிண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாமல், பின்னாலிருந்து கட்டை விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினால் மெதுவாக விடும்.

இதே யோசனையை இன்னும் அழகாகச் செய்தவர்கள் உண்டு. 1959-ல் வந்த ஜாகுவார் மார்க் 2, 1961-ல் வந்த ஈ-டைப் இரண்டிலும் டேஷ்போர்டின் நடுப்பலகை கீழ்ப்பக்கம் கீல் வைத்தது. மேலே இரண்டு திருகைக் கழற்றினால் பலகை முன்னால் சாய்ந்து, சின்ன மீட்டர்கள், சுவிட்சுகள், ஃபியூஸ் வரிசை எல்லாம் பளிச்சென்று கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். விலை உயர்ந்த வண்டி, ஆனாலும் அதை வடிவமைத்தவர் எலக்ட்ரீஷியனின் முதுகை நினைத்திருக்கிறார். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் வேறு வழி. அதில் என்ஜின் பின்னால். முன்னால் இருப்பது டிக்கி. முன் டிக்கியைத் திறந்து உள்ளே இருக்கும் அட்டையை எடுத்தால் டேஷ்போர்டின் முழு முதுகும் நின்றுகொண்டே பார்க்கலாம். வெளிச்சம் இருக்கிறது, இரண்டு கையும் போகிறது. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

மோரிஸ் மைனரில், 1950-களின் நடுவிலிருந்து, ஸ்பீடாமீட்டர் டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். பழைய அம்பாசடரிலும் மீட்டர்கள் நடுவில்தான். இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்க ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே தகடு போதும் என்பது கம்பெனிக்கு லாபம். ரிப்பேர்காரருக்கும் அதில் லாபம் உண்டு. ஸ்டியரிங் தண்டு, கியர் ராடு, பெடல் எதுவும் குறுக்கே வராது. பக்கத்து சீட்டில் மல்லாந்து படுத்தால் நேராகக் கை எட்டும். கீழே சாமான் வைக்கும் தட்டு இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், பாதிக் கஷ்டம் போய்விடும். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடாமீட்டர் கேபிளுக்கும் பெரிய வளைவு இல்லை.

இந்தக் கேபிள் வளைவை லேசாக நினைக்க வேண்டாம். ஸ்பீடாமீட்டர் உள்ளே சுற்றுவது ஒரு காந்தம். அது ஒரு உலோகக் கிண்ணத்தை இழுக்கிறது, கிண்ணத்தோடு முள் நகர்கிறது. கேபிள் எங்கேயாவது சுருக்கென்று மடங்கினால் அது சீராகச் சுற்றாது, முறுக்கி முறுக்கி விடும், முள் துடிக்கும். மீட்டரைக் கழற்றித் திரும்ப உள்ளே தள்ளும்போது கேபிளை நெருக்கிவிட்டு, "மீட்டர் போச்சு" என்று புது மீட்டர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்கம்பிக்கு கிரீஸ் போடுவதாக இருந்தால் மேல்முனையில் அரை அடிக்குமேல் காயவே விடுங்கள். அங்கே போடும் கிரீஸ் சுற்றிச் சுற்றி மேலேறி மீட்டருக்குள் போய்விடும்.

பத்மினியின் கதை வேறு. அது இத்தாலிய ஃபியட் 1100 குடும்பம். மீட்டர்கள் ஓட்டுநருக்கு நேராக ஒரே கூட்டுக்குள் இருக்கும். பார்க்க லட்சணம், ஓட்டுகிறவர் கண்ணை அகற்ற வேண்டாம். ஆனால் பெட்ரோல் முள் ஒன்றுக்காகக்கூட முழுக் கூட்டையும் வெளியே எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் கேபிளைக் கழற்ற வேண்டும், ஸ்டியரிங் தண்டும் அதிலுள்ள கியர் ராடும் கைக்குக் குறுக்கே நிற்கும். முடியாத வேலை இல்லை, நேரம் பிடிக்கும் வேலை.

1983 கடைசியில் வந்த மாருதி 800-ல் பிளாஸ்டிக் டேஷ்போர்டு. மீட்டருக்குப் பின்னால் தனித்தனி வயர் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடு அச்சடித்திருக்கும், வயர்கள் பிளக்காக வந்து சேரும். கழற்றுவது ஜீப்பைவிட வேகம்! பிளக்கைப் பிடுங்கு, கூட்டை எடு, முடிந்தது. ஆனால் அந்தத் தாளில் ஒரு கோடு விரிசல் விட்டால் நுனியைச் சுரண்டி ஈயம் வைப்பது நுணுக்கமான வேலை. பெரும்பாலானவர்கள் கூட்டையே மாற்றிவிடுவார்கள். பிளாஸ்டிக் கிளிப்புகளோ, அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி ரோட்டோரம் வருடக்கணக்காக நின்ற வண்டியில் தொட்டாலே ஒடியும். கழற்றுவது சுலபமாக இருப்பதும் சரிசெய்வது சுலபமாக இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு மாருதியைத்தான் காட்டுவேன்.

இன்றைய கார்களில் டேஷ்போர்டு வெளியிலேயே முழுதாகக் கட்டப்பட்டு, ஏசி பெட்டி, வயரிங், ஏர்பேக், குறுக்கு இரும்புக் குழாய் எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படியாக வண்டிக்குள் போகிறது. தொழிற்சாலையில் நேரம் மிச்சம். பத்து வருடம் கழித்து ஏசி காயில் ஒழுகினால் அதே உருப்படியை நாம் பின்னோக்கி வெளியே எடுக்க வேண்டும். இதை வெறும் லாப ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1968-லிருந்து வந்த பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகுதான் டேஷ்போர்டு மெத்தை பரவலானது, நெஞ்சில் குத்தும் உலோகக் குமிழ்கள் போயின. பழைய அம்பாசடரின் இரும்புத் தகட்டில் பிரேக் போட்ட வேகத்தில் நெற்றி மோதியவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. மெத்தை திருகுகளை மறைக்கிறது என்பது உண்மை, அது உயிரைக் காக்கிறது என்பதும் உண்மை. ஏர்பேக் உள்ள வண்டியில் ஜீப் போல நினைத்துக் கையை விட்டுவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து, தெரிந்தவரைக் கொண்டுதான் தொட வேண்டும்.

இப்போது பழைய வண்டியின் மறுபக்கம். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மோரிஸ் மைனர் போன்ற அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் மொத்தமே 2 ஃபியூஸ்தான், ஒவ்வொன்றும் 35 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. இந்த வண்டிகளுக்கு எலக்ட்ரிக் சாமான் செய்த பிரிட்டிஷ் கம்பெனி லூகாஸ். அந்த லூகாஸ் முறை வயரிங்கில் பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும், அதைக் காக்க ஃபியூஸ் இல்லை. ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டி என்றால் ஸ்டார்ட்டரைத் தவிர வண்டியின் மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு வரை வந்துதான் திரும்பிப் போகிறது. அந்த மீட்டரின் நட்டு லூஸானால் சூடேறி வயர் கருகும். கை எளிதாகப் போகும் இடத்தில் ஸ்பேனரும் எளிதாகப் போகும். ஸ்பேனர் பிரவுன் வயருக்கும் தகட்டுக்கும் நடுவில் பட்டால் ஃபியூஸ் போகாது, வயரிங்கே ஃபியூஸாக எரியும். அதனால் பேட்டரியில் எர்த் பக்கத்து டெர்மினலை, அதாவது வண்டியின் பாடியோடு சேரும் டெர்மினலை, கழற்றாமல் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விடக் கூடாது. எது எர்த் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தாக இருந்தவை உண்டு.

வயரின் வயதும் ஒரு விஷயம். நூல் சுற்றிய ரப்பர் வயர் என்றால் ஆடாமல் இருக்கும் வரைதான் நல்ல வயர். இழுத்தால் உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு தெரியும். டேஷ்போர்டை மொத்தமாக இறக்கச் சொல்வதை நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு மீட்டருக்காக அறுபது வருட வயரிங்கை ஆட்டினால் மறுநாள் இண்டிகேட்டர், அடுத்த வாரம் வைப்பர் என்று வரிசையாக வந்து நிற்கும்.

ஆயில் பிரஷர் மீட்டர் சில வண்டிகளில் கரண்டில் ஓடாது. என்ஜினிலிருந்து மெல்லிய குழாயில் ஆயிலே மீட்டர் வரை வரும். அதைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் சின்னத் தோல் வாஷரைத் தொலைத்துவிட்டால் பிறகு ஆயில் ஒழுகிக் காலடி மேட்டெல்லாம் நாறும். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிற நமக்குத் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை, வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். குழாய் வைத்த டெம்பரேச்சர் மீட்டர் அப்படியில்லை. அதில் மீட்டர், குழாய், முனையில் உள்ள குமிழ் மூன்றும் ஒன்று. குழாய் ஒடிந்தால் உள்ளே அடைத்திருக்கும் ஈதர் போய்விடும், மீட்டரே போனதாகத்தான் கணக்கு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டிக்கு அந்த முள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் மீட்டரை இழுக்கும் முன் பின்னால் வருவது வயரா குழாயா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது பெயிண்ட். இரும்பு டேஷ்போர்டில் அந்தத் தகடுதான் மீட்டருக்கு எர்த். வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று டேஷ்போர்டைச் சுரண்டி நல்ல தடிமனாக ஸ்ப்ரே அடித்து மீட்டரைத் திரும்ப மாட்டினால், பெயிண்ட் நடுவில் உட்கார்ந்து எர்த்தை அறுத்துவிடும். மீட்டர் விளக்கு மங்கும், இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் சேர்ந்து ஆடும். மீட்டர் எல்லாம் சேர்ந்து கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். மீட்டர் உட்காரும் இடத்தில் பின்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு பெயிண்டைச் சுரண்டினால் போதும், அல்லது ஒரு கருப்பு வயரைத் தனியாக இழுத்துப் பாடியில் முடுக்கிவிடலாம். டிரையம்ஃப் ஹெரால்டு வகையில் பலகை அல்லது அட்டை டேஷ்போர்டு வருவதுண்டு. அங்கே தகடே கிடையாது, எர்த் வயர்தான் எல்லாம். அதே வண்டியின் நம் நாட்டு வடிவமாகச் சென்னைக்குப் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கப் போனால் முதலில் அந்தக் கருப்பு வயர்களைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

நம் ஊர் அம்பாசடர்களுக்கு என்று தனியாக ஒரு வியாதி உண்டு. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சிஎம்சிக்கு நோயாளிகளை ஏற்றி ஏற்றி ஓடிய டாக்ஸிகள் எத்தனை! அவற்றில் டேப் ரெக்கார்டருக்காகத் தகட்டை வெட்டியிருப்பார்கள், ஃபேன் மாட்டியிருப்பார்கள், பிற்பாடு ஏசி தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த வயர் கைக்குக் கிடைத்ததோ அதை உரித்து முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த வயரிங்கை நிறம் பார்த்துப் பின்தொடரலாம். இந்தச் சேர்க்கை வயர்களுக்குப் பின்னால் போக முடியாது. பழைய டேஷ்போர்டு சுலபம் என்ற பேச்சு, யாரும் கத்தி வைக்காத டேஷ்போர்டுக்குத்தான் பொருந்தும். வாங்கும்போது மேலே பாலிஷ் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் குனிந்து அடியில் பாருங்கள். பேனாவை விட நீளமாகக் கண்டபடி தொங்கும் வயர்கள், நிறம் மாறும் இணைப்புகள் தெரிந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சரி, உங்கள் பெட்ரோல் மீட்டர். இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரிகிறதா? லூகாஸ் முறையில் பச்சை வயர் ஃபியூஸைத் தாண்டி வருவது. இவையும் பெட்ரோல் மீட்டரும் அதே கிளையில் இருக்கும். இவையும் செத்திருந்தால் டேஷ்போர்டுக்குப் போகவே வேண்டாம், ஃபியூஸையும் அதன் பிடிப்பையும் துடைத்துப் பாருங்கள். ஷெட்டில் நின்ற வண்டியில் பிடிப்பு பச்சை பிடித்திருக்கும்.

அவை எரிந்தால் வண்டியின் பின்பக்கம் போங்கள். டேங்க்கில் பெட்ரோல் அளவை மிதவை வைத்து மீட்டருக்குச் சொல்லும் யூனிட்டுக்கு ஒரு வயர் வரும், நிறம் மாறாமல் இருந்தால் பச்சையில் கருப்புக் கோடு. டேங்க் மூடி இறுக்கமாக மூடியிருக்கட்டும், பக்கத்தில் பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. அந்த வயரைக் கழற்றிவிட்டு, ஒருவரை முன்னால் உட்காரவைத்துச் சாவியைப் போடச் சொல்லுங்கள். முள் என்ன செய்கிறது என்று அவர் சொல்லட்டும். பிறகு வயர் நுனியை, டேங்க்கிலிருந்து தள்ளி, பாடியில் ஒரு சுத்தமான இடத்தில் ஒரு சில நொடி மட்டும் தொடவையுங்கள்.

இங்கே மீட்டரில் இரண்டு வகை உண்டு. மிகப் பழைய வகையில் முள் சட்டென்று தாவும்: வயரைக் கழற்றினால் ஃபுல், பாடியில் தொட்டால் காலி. 1960-களிலிருந்து பரவிய வகையில் உள்ளே ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளும், அதனால் முள் மெதுவாகத்தான் ஏறும்: வயரைக் கழற்றினால் காலி, தொட்டால் ஃபுல் பக்கம் ஏறும். எந்த வகையானாலும் இந்தச் சோதனையில் முள் நகர்ந்துவிட்டால் மீட்டரும் நல்லது, நடுவில் உள்ள வயரும் நல்லது. குற்றம் டேங்க் யூனிட்டில். பல வருடம் நின்ற பெட்ரோல் பிசினாகி மிதவையின் கையைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே மின்தடைக் கம்பி அரித்துப்போகும். நின்ற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், அதற்கும் டேஷ்போர்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இதிலும் முள் அசையாவிட்டால் அப்போது டேஷ்போர்டுக்கு வாருங்கள், அப்போதும் இறக்க வேண்டாம். மெதுவாக ஏறும் வகை மீட்டர்களுக்குப் பேட்டரியின் 12 வோல்ட் நேராகப் போகாது. ஸ்டெபிலைசர் என்ற சின்ன டப்பா அதைச் சராசரியாக 10 வோல்ட்டாக்கித் தரும். டெம்பரேச்சர் மீட்டரும் அதிலிருந்துதான் வாங்கும். இரண்டு முள்ளும் சேர்ந்து செத்தாலோ, சேர்ந்து அதிகமாகக் காட்டினாலோ டப்பாவையும் அதன் எர்த்தையும் பாருங்கள். பெட்ரோல் மட்டும் என்றால் மீட்டரின் பின்னால் உள்ள வயர் நுனியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், டெஸ்ட் லேம்ப் வையுங்கள். மீட்டருக்கு கரண்ட் வருகிறது, எர்த் இருக்கிறது, டேங்க் வயரும் அறவில்லை என்று தெரிந்த பிறகுதான் மீட்டரைக் குற்றம் சொல்லலாம். கழற்றும்போது ஒவ்வொரு வயருக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதுங்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும் முன் மீட்டருக்கு வரும் பச்சை வயரில் ஒரு சின்ன லைன் ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.

மீட்டரோ யூனிட்டோ மாற்ற வேண்டி வந்து சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனால் இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள். தாவும் வகை மீட்டருக்கு மெதுவாக ஏறும் வகையின் யூனிட்டைப் போட்டால், முள் கண்டிப்பாக நகரும், ஆனால் டேங்க் நிறைய இருக்கும்போது காலி பக்கம் போகும், காலியாகும்போது ஃபுல் காட்டும். ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.